அயர்லாந்தின் சதுப்பும் பொள்ளாச்சியின் கிணறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னை நார்த்தூள் ஏற்றுமதி பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஐரோப்பாக்காரர்கள் பீட் (சதுப்பில் தோண்டி எடுத்து எரிக்கவும் செடித் தொட்டியில் போடவும் பயன்படுத்தும், முழுக்க மக்காத பாசி மண்) தோண்டுவதைக் கைவிடுகிறார்கள், அதனால் பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் பக்கத்துத் தூளுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்பதுதான் கட்டுரையின் சாரம். அதில் பொய் இல்லை. நான் ஒரு தூள் களத்தில் கணக்கு எழுதுகிறவன், எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே இந்தத் தூளால்தான், அதனால் விலை ஏறினால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கட்டுரை பாதியைத்தான் சொன்னது. அந்த பீட்டை ஏன் தோண்டினார்கள், ஏன் நிறுத்தினார்கள், நிறுத்திய விதத்தில் என்ன கோளாறு நடந்தது, அந்தக் கோளாறில் ஒரு பங்கு எப்படி எங்கள் பக்கத்துக் கிணறுகளுக்கு வந்து சேர்ந்தது என்பதை யாராவது எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் எழுதவில்லை. சரி, நானே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

மாடித் தோட்டம் போட்டவர்களுக்குக் கோகோபீட் கட்டி தெரியும். அது நம் தேங்காய் மட்டையிலிருந்து வருவது. அசல் பீட் வேறு. குளிர் நாடுகளில் தண்ணீர் தேங்கி நிற்கும் சதுப்புகளில் ஸ்பேக்னம் என்று ஒரு பாசி வளர்கிறது, தன் காய்ந்த எடையைப் போல 20 மடங்கு வரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் பாசி செத்துக் கீழே போகும்போது, தண்ணீருக்குள் காற்றுப் படாததால் முழுக்க மக்காது. அதன்மேல் அடுத்த தலைமுறைப் பாசி வளரும். இப்படி அடுக்கடுக்காகச் சேர்வதுதான் பீட். சேரும் வேகம் ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர், அதாவது ஒரு மீட்டர் ஆழம் சேர ஆயிரம் ஆண்டு. உலக நிலப்பரப்பில் பீட் நிலம் வெறும் 3 சதவீதம்தான், ஆனால் உலகத்துக் காட்டு மரங்கள் எல்லாம் சேர்ந்து பிடித்து வைத்திருப்பதைவிட அதிகமான கார்பன் அதற்குள் கிடக்கிறது.

இதில் பலருக்கும் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. பீட்டை வெட்டி எரித்தால்தான் கெடுதல் என்று நினைக்கிறோம். வடிகால் வெட்டித் தண்ணீரை இறக்கிவிட்டாலே போதும், கெடுதல் தொடங்கிவிடும். காற்று உள்ளே புகுந்ததும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காமல் கிடந்தது மக்க ஆரம்பிக்கும், கார்பன் டை ஆக்சைடு ஆண்டு முழுக்கக் கசிந்துகொண்டே இருக்கும். ஒருவன் மண்வெட்டியைக் கையால் தொடாவிட்டாலும் கசியும். காய்ந்த பீட்டில் தீப்பிடித்தால் இன்னும் மோசம். 2015இல் இந்தோனேசியாவில், எண்ணெய்ப் பனைக்கும் காகித மரத்துக்கும் என்று வடித்துப் போட்ட பீட் நிலங்கள் வாரக்கணக்கில் மண்ணுக்கடியிலேயே எரிந்தன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் அந்தப் புகைமூட்டத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். அந்த ஒரு வருடத் தீயால் இந்தோனேசியாவுக்கு ஏற்பட்ட நட்டம் சுமார் 1,600 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்குப் போட்டது.

இனி அயர்லாந்துக்கு வருகிறேன். அந்த நாட்டைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. தோண்டுவதா காப்பதா என்ற சண்டையை முழு நீளத்துக்கும் போட்டுப் பார்த்துவிட்ட நாடு அது, நல்லது கெட்டது இரண்டையும் அங்கே பார்க்கலாம்.

நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பீட். நிலக்கரி பேருக்குத்தான் உண்டு. அதனால் தலைமுறை தலைமுறையாகக் குடியானவர்கள் சதுப்பில் தங்கள் பங்குத் துண்டில் மே மாதம் போல இறங்கி, நீளமான கத்தி மண்வெட்டியால் செங்கல் செங்கலாக வெட்டி, வெயிலில் சாய்த்துக் காயவைத்து, குளிர்காலத்துக்கு வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். பல குடும்பங்களுக்கு அதற்குச் சட்டப்படியான உரிமையே உண்டு. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்து நிலக்கரி வரத்து சுருங்கியபோது, டப்ளின் நகரின் ஃபீனிக்ஸ் பூங்காவில் சாலையோரம் நெடுக பீட்டை மலைபோல அடுக்கி வைத்துத்தான் நகரத்துக்குக் குளிர் காயக் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் 1946இல் போர்ட் ந மோனா என்ற அரசு நிறுவனத்தை உண்டாக்கினார்கள். 1950இல் போர்ட்டார்லிங்டனில் முதல் பீட் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அதற்கென்றே குறுகிய ரயில் பாதைகள் போட்டார்கள், தொழிலாளர்களுக்கு வீடு கட்டினார்கள், நாட்டின் நடுப்பகுதியில் ஆஃபாலி, லாங்ஃபோர்டு போன்ற வேலையில்லாத மாவட்டங்களில் மூன்று தலைமுறை சாப்பிட்டது அதில்தான். நெய்வேலியால் தமிழ்நாட்டுக்கு என்ன கிடைத்ததோ அதுதான் அவர்களுக்கும் கிடைத்தது. அதனால் தோண்டியவர்களைத் திட்ட எனக்கு மனம் வராது. ஏழை நாடு, காலுக்கடியில் கிடந்ததை எடுத்தது.

ஆனால் கையால் வெட்டுவதற்கும் இயந்திரம் சுரண்டுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இயந்திர முறையில் முதலில் சதுப்பின் மேல்தோலை, அந்த உயிருள்ள பாசியையே, உரித்து எறிந்துவிடுவார்கள். குறுக்கும் நெடுக்கும் வடிகால் வெட்டுவார்கள். பிறகு கோடையில் மேலாக ஒரு விரல்கடை அளவு சுரண்டி, பரப்பிக் காயவைத்து, புரட்டிவிட்டு, கூட்டி அள்ளுவார்கள், மறுபடி சுரண்டுவார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பழுப்பு நிற மைதானமாகக் கிடக்கும், ஒரு புல் முளைக்காது. போர்ட் ந மோனாவிடம் இருந்த நிலம் மட்டும் சுமார் 80,000 ஹெக்டேர். அதன் விளைவு, நடு அயர்லாந்தின் குவி சதுப்புகளில், அதாவது குவிந்த மேடுபோல உயர்ந்து நிற்கும் பழைய சதுப்புகளில், இன்னும் உயிரோடு பீட் சேர்த்துக்கொண்டிருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

பாதுகாக்க வேண்டும் என்ற குரல் வெளியே இருந்தும் வந்தது என்பது வேடிக்கை. நெதர்லாந்துக்காரர்கள் தங்கள் நாட்டுச் சதுப்புகளை ஏறக்குறைய எல்லாம் ஏற்கெனவே தீர்த்துக்கட்டிவிட்டவர்கள். மத்தைஸ் ஷௌட்டன் என்ற டச்சு ஆய்வாளர் 1980களில் அங்கே ஓர் அறக்கட்டளை தொடங்கி, பணம் திரட்டி, அயர்லாந்தில் சதுப்புகளை விலைக்கு வாங்கி அயர்லாந்து அரசிடமே திருப்பிக் கொடுத்தார். ஆஃபாலியில் உள்ள கிளாரா சதுப்பு 1987இல் இயற்கைக் காப்பகம் ஆனது. அப்புறம் ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிடச் சட்டம் வந்தது, 53 குவி சதுப்புகளைக் காப்புப் பகுதியாக அறிவித்தார்கள், பத்தாண்டு அவகாசம் கொடுத்துவிட்டு 2011 வாக்கில் அங்கே வெட்டக் கூடாது என்றார்கள். ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். அப்பன் பாட்டன் வெட்டிய துண்டில் நான் வெட்டக் கூடாதா, பெரிய கம்பெனி ஆயிரக்கணக்கான ஏக்கரைச் சுரண்டும்போது என் கைமண்வெட்டியா உலகத்தைக் கெடுத்தது என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. அரசு ஆண்டுக்கு 1,500 யூரோ வீதம் 15 ஆண்டு இழப்பீடு, வேண்டாமென்றால் ஆண்டுக்கு 15 டன் பீட் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து தருகிறோம் என்றது. சிலர் வாங்கிக்கொண்டார்கள், சிலர் இன்றைக்கும் வெட்டுகிறார்கள், 2024இல் ஐரோப்பிய ஆணையம் இதற்காக அயர்லாந்தை நீதிமன்றத்துக்கே இழுத்தது. சின்னவனிடம் முதலில் போய்க் கையைப் பிடித்ததுதான் இதில் தவறு என்பது என் எண்ணம்.

பெரியவன் பக்கம் வருவோம். மின்நிலையத்துக்கு பீட் எரிப்பது பொருளாதாரத்திலும் உருப்படாத வேலை. நிலக்கரியைவிட அதிகம் புகைக்கும், சூடும் குறைவு, மக்களின் மின்கட்டணத்தில் கூடுதல் வரி போட்டுத்தான் அதைத் தாங்கிப் பிடித்தார்கள். ஷானன்பிரிட்ஜ், லேன்ஸ்பரோ மின்நிலையங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன, ஈடன்டெரியில் 2023 முடிவோடு பீட் எரிப்பது நின்றது. நல்ல காரியம், பத்தாண்டு முன்பே செய்திருக்கலாம்.

கோளாறு தோட்டக்கலை பீட்டில்தான் நடந்தது. நாற்றங்கால், பூச்செடித் தொட்டி, காளான் பண்ணை எல்லாவற்றுக்கும் பீட் வேண்டும். அதிலும் காளானுக்கு உரப் படுக்கையின்மேல் போடும் மூடாக்குக்கு பீட் மாதிரி ஈரம் பிடித்து ஈரம் விடும் பொருள் இன்னும் சரியாகக் கிடைக்கவில்லை. அயர்லாந்து ஏராளமாகக் காளான் வளர்த்து இங்கிலாந்துக்கு அனுப்புகிற நாடு. அரசு என்ன செய்திருக்க வேண்டும்? எரிப்பதை முதலில் நிறுத்தி, தோட்டக்கலைக்குச் சில இடங்களை மட்டும் ஒதுக்கி, முறையாக அனுமதி கொடுத்து, இத்தனை வருடத்துக்குள் மாற்றுப் பொருளுக்குப் போய்விட வேண்டும் என்று கெடு வைத்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல், பெரிய அளவில் தோண்டுவதற்குத் திட்ட அனுமதியே வேண்டாம் என்று ஒரு விதியைப் போட்டுத் தட்டிக் கழிக்கப் பார்த்தது. ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்டது, 2019 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. தீர்ப்பு சரியானதுதான். ஆனால் ஒழுங்கான அனுமதி முறை கையில் இல்லாததால் எல்லாமே ஒரே நேரத்தில் நின்றது. போர்ட் ந மோனா 2020இல் தோண்டுவதை நிறுத்தி வைத்தது, 2021 ஜனவரியில் இனி ஒருபோதும் இல்லை என்று அறிவித்தது.

அதே 2021 செப்டம்பரில் லாட்வியாவிலிருந்து 3,600 டன் பீட் கப்பலில் அயர்லாந்தின் ட்ரோஹெடா துறைமுகத்துக்கு வந்து இறங்கியது. துறைமுகத்திலிருந்து கொண்டுபோக 200 லாரி நடை. பீட்டின்மேலேயே உட்கார்ந்திருக்கும் நாடு, சுமார் 3,000 கிலோமீட்டர் தாண்டி இன்னொரு நாட்டுச் சதுப்பைத் தோண்டி வாங்கியது! லாட்வியச் சதுப்பில் கசியும் கார்பன் வேறு வானத்துக்கா போகும்? இதோடு முடியவில்லை. அயர்லாந்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2025இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏழு மாவட்டங்களில் 38 இடங்களில் அனுமதியே இல்லாமல் பெரிய அளவில் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், அதில் பெரும்பகுதி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி ஆகிறது என்று அதிலே சொல்லியிருந்தார்கள். படித்துப் பாருங்கள், தலை சுற்றும். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அரசு நிறுவனம் நிறுத்திவிட்டது, கட்டுப்பட்ட விவசாயி லாட்வியாவிலிருந்து வாங்குகிறான், கட்டுப்படாதவன் இரவோடு இரவாக வெட்டி ஏற்றுமதி செய்கிறான். நம் ஊர் ஆற்று மணல் விவகாரம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

புனரமைப்புப் பக்கம் ஒன்றைப் பாராட்டியே ஆக வேண்டும். தோண்டுவது நின்ற பிறகு, ஐரோப்பிய ஒன்றியத்தின் மீட்பு நிதியிலிருந்து 10.8 கோடி யூரோ, கூடவே போர்ட் ந மோனாவின் சொந்தப் பணம் 1.8 கோடி, இரண்டையும் வைத்து 33,000 ஹெக்டேர் சதுப்பை மீண்டும் ஈரமாக்கும் வேலையைத் தொடங்கினார்கள். யாரை வைத்து? வடிகால் வெட்டிய அதே இயந்திர ஓட்டுநர்களை வைத்து. எந்த வடிகால் எங்கே ஓடுகிறது, எங்கே மண் இளகல், எங்கே வண்டி புதையும் என்று அவர்களுக்குத்தானே தெரியும்? பீட்டையே வாரி அணைபோல வைத்து வடிகாலை அடைக்கிறார்கள், சின்னச் சின்னப் பாத்திகளாக வரப்புக் கட்டித் தண்ணீரை நிறுத்துகிறார்கள், தண்ணீர் மட்டம் தரையிலிருந்து ஒரு சாணுக்குள் நிற்கும்படி பார்க்கிறார்கள், சில இடங்களில் பாசித் துணுக்குகளைத் தூவுகிறார்கள். முதலில் கொஞ்சம் மீத்தேன் வெளிவரும், அது உண்மை, ஆனாலும் காய்ந்து கிடந்து கசிவதைவிட இது மேல். பழைய சதுப்பு அப்படியே திரும்பி வராது, அடிமண்வரை சுரண்டிய இடத்தில் குளமும் நாணலும் பிர்ச் மரமுமாகத்தான் வரும். லஃப் பூரா என்ற இடத்தில் இப்படி விட்ட நிலம் இன்றைக்குப் பறவைகளும் நடைபாதைகளுமாகப் பெரிய பூங்காவாக இருக்கிறது. மவுண்ட் லூகாஸில் தோண்டி முடித்த நிலத்தில் 28 காற்றாலைகள் சுற்றுகின்றன.

காற்றாலை என்றதும் எல்லாம் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். 2003இல் கால்வே மாவட்டம் டெரிபிரையனில், மலைப் பீட்டின்மேல் காற்றாலை கட்டப்போய் நிலமே சரிந்து ஓடியது, முறையான சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்யாததற்காக ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் 50 லட்சம் யூரோவும் அதற்குமேல் நாளொன்றுக்கு 15,000 யூரோவும் அபராதம் போட்டது. பசுமைத் திட்டம் என்று பெயர் வைத்துவிட்டால் மண் ஒத்துழைத்துவிடாது.

வேலை இழந்தவர்கள் விஷயம் அவ்வளவு நன்றாக நடக்கவில்லை. போர்ட் ந மோனாவில் 2018 அக்டோபரிலேயே 430 பேர் வரை வேலை போகும் என்று அறிவித்துவிட்டார்கள், மாற்று வேலைக்கான நிதியும் ஆணையரும் அதற்கப்புறம்தான் வந்தார்கள். புனரமைப்பு வேலை கொஞ்ச வருடத்துக்குத்தான், எல்லா வடிகாலையும் அடைத்து முடித்ததும் அந்த ஓட்டுநர் எங்கே போவார் என்ற கேள்வி நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை மீட்புச் சட்டம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்துவிட்டது, விவசாயத்துக்கென வடித்த பீட் நிலங்களில் 2030க்குள் 30 சதவீதத்தில் மீட்பு வேலை, அதில் கால் பங்காவது மறுபடி ஈரம் என்று அது சொல்கிறது. நிறுவனத்து நிலத்தில் செய்ததை இனிமேல் மாடு மேய்க்கும் குடியானவர் நிலத்திலும் செய்ய வேண்டும். பணம் முதலில், கட்டளை பிறகு என்று போனால் நடக்கும், திருப்பிப் போட்டால் 2011 சண்டைதான் மறுபடியும்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன்.

பீட்டை வேண்டாம் என்றவர்கள் வேறு எதையாவது தொட்டியில் போட்டுத்தானே ஆக வேண்டும்? மரப்பட்டை, மரநார், மக்கு உரம், அப்புறம் நம் தென்னைத் தூள். மட்டையைச் சிதைத்து நார் எடுத்தால் நாரைப் போல இரண்டு மடங்கு தூள் விழும். ஒரு காலத்தில் அதை வாங்க ஆள் கிடையாது, நார் மில் ஓரங்களில் மலைமலையாகக் கொட்டிக் கிடக்கும், கோடையில் தீப்பிடித்தால் நாள்கணக்கில் புகையும். இன்றைக்கு எடைக்கணக்கில் இந்தியாவின் தென்னை நார்ப் பொருள் ஏற்றுமதியில் பாதிக்குமேல் தூள்தான். கழிவு காசானது நல்லதே. அதை நான் மறுத்தால் சோற்றில் மண் அள்ளிப் போட்டுக்கொண்டதாகும்.

ஆனால் தூளில் இயல்பாகவே உப்பு உண்டு, சோடியம், பொட்டாசியம். களத்தில் 'லோ இ.சி.' என்கிறோமே, உப்பு குறைந்த தூள், அதைத்தான் வெளிநாட்டு நாற்றங்கால்காரர் கேட்பார். அதற்கு நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவ வேண்டும். இன்னும் உயர்ந்த சரக்கு வேண்டுமென்றால் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறப்போட்டு மறுபடி கழுவ வேண்டும். கழுவின தண்ணீர் கட்டங்காப்பி நிறத்தில் வெளியே வரும், உப்பும் துவர்ப்பும் கலந்தது. சிமென்ட் தளம் போட்டு, தொட்டி கட்டி, அந்தத் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துகிற களங்கள் உண்டு, அவர்களை நான் அறிவேன். செம்மண் தரையிலேயே கழுவி அப்படியே இறங்கவிடுகிற களங்களும் உண்டு. அதற்குப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் பழுப்பாகிவிட்டது என்று சண்டை வராத கிராமம் எங்கள் சுற்றுவட்டாரத்தில் குறைவு. கழுவுவதற்கான தண்ணீரோ போர்வெல், இல்லாவிட்டால் லாரி, சில இடங்களில் எங்கிருந்து என்று கேட்காமல் இருப்பது மரியாதை. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கடைமடைக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று உங்கள் நிருபரைக் கேட்கச் சொல்லுங்கள்.

2021இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார்த் தொழிலை மாசு இல்லாத தொழில்களுக்கான வெள்ளைப் பட்டியலிலிருந்து, நடுத்தர மாசுத் தொழில்களுக்கான ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியது. தொழில்காரர்கள் போராடினார்கள். சின்ன மில்காரர் பயந்ததில் நியாயம் இருக்கிறது, நார் மட்டும் எடுப்பவரையும் தூள் கழுவுகிறவரையும் ஒரே தராசில் நிறுத்தினால் எப்படி? ஆனால் தண்ணீர் பழுப்பானது கட்டுக்கதை என்று பேசுவதை நான் ஏற்கமாட்டேன். நான் அந்தத் தண்ணீரைப் பார்த்திருக்கிறேன்.

என் வாதம் இவ்வளவுதான். பீட் சதுப்பைக் காப்பது சரி, அவசியம், எரிப்பதற்குத் தோண்டுவதை நாளையே உலகம் முழுக்க நிறுத்தினாலும் எனக்குச் சம்மதம். ஆனால் தேவையைக் குறைக்காமல் குழியை மட்டும் மூடினால் குழி இடம் மாறும். அயர்லாந்தில் மூடியது லாட்வியாவில் திறந்தது, கொஞ்சம் எங்கள் நிலத்தடியிலும் திறந்திருக்கிறது. ஐரோப்பியக் கடையில் 'பீட் இல்லாத மண்' என்று மூட்டைமேல் பச்சை இலை படம் போட்டு விற்கிறார்கள். அந்த மூட்டையைக் கழுவிய தண்ணீருக்கு விலை யார் கொடுத்தார்கள்? வாங்குபவர் தரச் சான்றிதழ் கேட்கிறார், உப்பு அளவு கேட்கிறார், களை விதை இருக்கக் கூடாது என்கிறார், கழுவிய தண்ணீர் எங்கே போனது என்று கேட்பவரை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். கேட்டால், அதற்கான காசையும் சேர்த்துக் கொடுத்தால், தொட்டி கட்டுவது எந்தக் களத்துக்காரருக்கும் பெரிய விஷயமில்லை. டன்னுக்கு இன்ன தொகை தண்ணீர் மறுசுழற்சிக்கு என்று விலையிலேயே பிரித்துக் காட்ட கயிறு வாரியம் ஒரு விதி போடலாம். கழுவாத சரக்கைக் கப்பலில் ஏற்றி, மழை கொட்டுகிற அவர்கள் ஊரிலேயே கழுவிக்கொள்ளச் சொல்லலாம், அயர்லாந்தில் மழைக்கா பஞ்சம்?

இன்னொன்று, தூள் அமுதசுரபி இல்லை. வாடல் நோயும் வெள்ளை ஈயும் சேர்ந்து எங்கள் பக்கம் தென்னையை என்ன பாடு படுத்துகின்றன என்பதை நீங்களே செய்தி போட்டிருக்கிறீர்கள். மரம் போனால் மட்டை ஏது, தூள் ஏது? பீட் வாங்கும் உலகம் முழுவதையும் தேங்காய் மட்டையால் திருப்திப்படுத்த முடியாது. அவர்கள் தங்கள் ஊர் மரநாரையும் இலைமக்கையும் நம்பியாக வேண்டும், தொட்டியில் போடும் மண்ணின் அளவையே குறைத்தாக வேண்டும். இங்கிலாந்து அரசு வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு பீட் விற்பதை 2024க்குள் நிறுத்தப்போவதாக 2022இல் அறிவித்தது, 2024 வந்து போய்விட்டது, சட்டம் வரவில்லை. அதை நம்பி இங்கே கடன் வாங்கிக் களம் விரித்தவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு மந்திரியின் அறிவிப்பைச் செய்தியாகப் போடும்போது அது சட்டமா பேச்சா என்றும் ஒரு வரி போடுங்கள், புண்ணியமாகப் போகும்.

நமக்கே பீட் நிலம் இருக்கிறது என்பதையும் உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். நீலகிரியில் சோலைகளுக்கு நடுவே பள்ளங்களில் கிடக்கும் சேற்று நிலங்களில் பீட் உண்டு. ஊட்டிக்குப் பக்கத்தில் அந்த பீட்டிலிருந்து எடுத்த மாதிரிகளை வைத்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துச் சூழலியலாளர் ஆர்.சுகுமாரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 20,000 ஆண்டு காலத்துக்குத் தென்னிந்தியப் பருவமழை எப்போது வலுத்தது, எப்போது சுருங்கியது, எப்போது புல் பரவியது என்று கணித்து 1993இல் நேச்சர் அறிவியல் இதழில் எழுதினார்கள். அவ்வளவு பழைய மழைக்கணக்கு அந்தச் சேற்றுக்குள் இருக்கிறது. அதை யாரும் தோண்டி விற்கவில்லை, வாஸ்தவம். ஆனால் பள்ளத்துச் சேற்றில் வடிகால் வெட்டி கேரட்டும் உருளையும் போடுவதும், சுற்றிலும் சீகை மரமும் யூகலிப்டஸும் நட்டதும் அதே வேலையைத்தான் செய்கின்றன. மேலே பள்ளம் காய்ந்தால் கீழே ஆறு காயும். மலைமேல் அந்தச் சேறு பிடித்து வைத்து விடுகிற தண்ணீர்தான் பவானிக்கும் மாயாற்றுக்கும் வருகிறது. அயர்லாந்து 33,000 ஹெக்டேரில் வடிகால் அடைக்கிறது, நாம் நீலகிரியில் எத்தனை பள்ளங்கள் இன்னும் ஈரமாக இருக்கின்றன என்ற பட்டியலையாவது மக்கள் பார்க்கும்படி வைக்கலாம். வனத்துறையும் தோட்டக்கலைத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் முடிகிற காரியம்தான், இரண்டு பேரும் உட்காருவார்களா என்பது வேறு கதை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை தூள் ஏற்றுமதி இத்தனை கோடி என்று தலைப்புப் போடும்போது, பக்கத்திலேயே ஒரு சின்னக் கட்டத்தில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் எத்தனை களங்களில் கழுவிய தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தும் தொட்டி இருக்கிறது என்று விசாரித்துப் போடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கேட்டால் கொடுத்தாக வேண்டிய விவரம் அது, கொடுக்கவில்லை என்றால் கொடுக்கவில்லை என்றே போடுங்கள். எங்கள் முதலாளி இந்தக் கடிதத்தைப் படித்தால் கோபப்படுவார் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
நார்த்தூள் களத்துக் கணக்கர் ஒருவர்,
பொள்ளாச்சி வட்டம்.